மர நாற்றங்காலில் நாற்றழுகல்: மழைக்கு முன்பே தடுப்பது எப்படி

சென்னையில் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் சவுக்கு, வேம்பு நாற்றுகள் திட்டுத் திட்டாகச் சாய்ந்தால், முதலில் ஒரு நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணை ஒட்டிய தண்டு பழுப்பாகி நூல்போல் சுருங்கியிருந்தால் நாற்றழுகல்தான். வேரை விரலால் இழுக்கும்போது மேல்தோல் உருவி வந்து நடுநரம்பு மட்டும் மிஞ்சினால் காரணம் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற நுண்ணுயிர். மண்ணை ஒட்டிய தண்டின் கழுத்தில் செம்பழுப்புக் குழி விழுந்திருந்தால் பெரும்பாலும் ரைசக்டோனியா என்ற பூஞ்சை.

தடுப்பு வேலை ஏப்ரல், மே வெயிலிலேயே தொடங்க வேண்டும். பாத்தி மண்ணைக் கொத்தி, நன்றாக நனைத்து, கண்ணாடிபோல் தெளிந்த பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரம் விடுங்கள். அந்தச் சூட்டில் மண்ணிலுள்ள நோய்க்கிருமிகள் சாகும். கறுப்புத் தாள் வேண்டாம், மண் அந்த அளவுக்குச் சூடாகாது. காய்ந்த மண்ணிலும் பலனில்லை. ஈரம்தான் வெப்பத்தை ஆழத்துக்குக் கொண்டுபோகும்.

பிறகு, நன்கு மக்கிய எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்க்கிருமிகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையைக் கலந்து இடுங்கள். விதையிலும் இதையே கிலோவுக்கு 4 கிராம் கலந்து விதையுங்கள். அரைகுறையாக மக்கிய எரு நோயை வளர்க்கும். பாத்தி 15 செ.மீ. உயரம் இருக்கட்டும், விதையை நெருக்கித் தூவாதீர்கள். தண்ணீர் காலையில் மட்டும்.

நோய் வந்துவிட்டால், அழுகிய நாற்றுகளைச் சுற்றுமண்ணோடு அகற்றி, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் கரைத்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுங்கள். அதோடு டிரைக்கோடெர்மாவைச் சேர்க்காதீர்கள், செத்துப்போகும். இரண்டு வாரம் கழித்து இடலாம். சாய்ந்த நாற்று மட்டும் எப்படியும் பிழைக்காது.