கோபுர விளிம்பின் வெள்ளைக் கோட்டை நீக்கிய விதம்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்தைக் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தபோது, நிரப்புக் கருவியால் ஊற்றிய நிறம் கோடுவரை எட்டாமல், ஒவ்வொரு சுதைச் சிற்பத்தைச் சுற்றியும் மெல்லிய வெள்ளை விளிம்பு தங்கிவிட்டது. கோட்டின் ஓரப் பிக்சல்கள் முழுக் கறுப்பாக இல்லாமல் சாம்பல் சாயலில் படிப்படியாக மங்குவதால், நிற ஒப்புமையைக் கொண்டு பரவும் நிரப்பு அவற்றுக்கு முன்பே நின்றுவிடுகிறது. எவ்வளவு வேறுபட்ட நிறம்வரை நிரப்பு பரவலாம் என்பதைக் குறிக்கும் ஒப்புமை வரம்பை உயர்த்துமாறு பலரும் சொல்வார்கள். ஆனால் நெருக்கமான சிற்பங்களில் அது நிறத்தைப் பக்கத்துப் பகுதிக்குள் கசியவிடும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. வரம்பைத் தொடாமல், நிரப்புக் கருவியின் அமைப்பில், நிறம் ஊற்றவிருக்கும் பகுதியான செலக்‌ஷனை 2 பிக்சல் விரிவாக்கி, கோட்டு லேயருக்குக் கீழே தனி லேயரில் (அடுக்கில்) நிறத்தை ஊற்றினேன், விளிம்பு மறைந்தது.

கோபுரத்தின் அடிநிலை மாலைப் புழுதியில் கரைவதுபோல் காட்ட அழிப்பானைத் தொடவில்லை. கோபுரத்தை செலக்ட் செய்த நிலையில் அதன் லேயருக்கு ஒளிபுகு மாஸ்க் (படத்தை அழிக்காமல் அதன் பகுதிகளை மறைக்கும் திரை) சேர்த்தால், மாஸ்க் அந்த வடிவத்தையே ஏற்கிறது. அதில் வெள்ளை காட்டும், கறுப்பு மறைக்கும், இடைப்பட்ட சாம்பல் அளவுக்கேற்ப மங்கச் செய்யும். 8 பிட் மாஸ்க்கில் இதற்கு 256 படிகள் உண்டு. மென்மையான தூரிகையால் சாம்பலைத் தீட்டியபின், படம் கேட்டவர் கோபுர வாயில் தெளிவாகத் தெரிய வேண்டும் என்றபோது, அங்கே வெள்ளையைத் தீட்டியதும் பழைய நிறம் அப்படியே திரும்பியது. மாஸ்க்கில் தீட்டுமுன் செலக்‌ஷனை விலக்குவது அவசியம். அது இருக்கும்வரை தூரிகை அதன் எல்லைக்கு வெளியே எதையும் பதிக்காது.