ரவுட்டர்ல எந்த ஆக்சஸ் லிஸ்ட் எந்த இன்டர்ஃபேஸ்ல மாட்டியிருக்குன்னு பாக்குறது எப்படி

டர்பன் பக்கம் சின்ன ஆபீஸ், கடைன்னு நெட்வொர்க் பாக்குறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம், சிஸ்கோ ரவுட்டர்ல ஆக்சஸ் லிஸ்ட் (எந்த பாக்கெட்டை விடணும், எதைத் தடுக்கணும்னு சொல்ற விதிகள்) எழுதி வச்சிருக்கிறது வேற, அதை இன்டர்ஃபேஸ்ல, அதாவது ரவுட்டரோட போர்ட்ல, மாட்டியிருக்கிறது வேற. ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் அடிச்சா என்னென்ன லிஸ்ட் இருக்கு, எந்த வரிக்கு எத்தனை மேட்ச்னு வரும், ஆனா எங்க மாட்டியிருக்குன்னு அது சொல்லவே சொல்லாது.

அதுக்கு ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் அடிங்க, பின்னாடி கிகாபிட் 0/1 மாதிரி போர்ட் பேரையும் சேர்த்துக்கலாம். கடைசியில ப்ரீஃப்னு மட்டும் போட்றாதீங்க, அதுல ஆக்சஸ் லிஸ்ட் வராது. அவுட்கோயிங் ஆக்சஸ் லிஸ்ட், இன்பவுண்ட் ஆக்சஸ் லிஸ்ட்னு ரெண்டு வரி இருக்கும், மாட்டலன்னா நாட் செட்னு இருக்கும், மாட்டியிருந்தா நம்பரோ பேரோ இருக்கும். ஒரு இன்டர்ஃபேஸ்ல ஒரு திசைக்கு ஒரே ஒரு ஐபிவி4 லிஸ்ட்தான், ரெண்டாவது மாட்டினா முதல்ல இருந்தது போயிடும்.

நெறைய இன்டர்ஃபேஸ் இருந்தா ஷோ ரன்னிங்-கான்ஃபிக் அடிச்சு, பைப் குறி போட்டு, இன்க்ளூட் இன்டர்ஃபேஸ், இன்னொரு பைப், ஆக்சஸ்-குரூப்னு (லிஸ்டை இன்டர்ஃபேஸ்ல மாட்டுற வரி) சேர்த்து அடிங்க, எல்லாம் ஒரே பார்வையில வந்துடும், நான் எப்பவும் இதத்தான் முதல்ல அடிப்பேன்.

திசையை மட்டும் தயவுசெஞ்சு நல்லா பாருங்க. சாட்ஸ்வொர்த்ல ஒரு கடையில கார்டு மெஷின் ஓடல, லிஸ்ட் 101ஐயே ஒரு மணி நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன், அதுல ஒரு தப்பும் இல்ல. 192.168.10.0 நெட்வொர்க்கை சோர்ஸா வச்சு எழுதின லிஸ்டை லேன் போர்ட்ல (கடைப் பக்கம் இருக்கிற போர்ட்) 'இன்'னுக்கு பதிலா 'அவுட்'னு மாட்டியிருந்தாங்க, அவுட்னா ரவுட்டர்லிருந்து கடைக்குள்ள போற பாக்கெட்டைத்தான் பாக்கும், வெளியிலிருந்து திரும்பி வர்ற பாக்கெட் எதுக்கும் அந்த சோர்ஸ் இருக்காதே, அதனால கடைசியில கண்ணுக்குத் தெரியாம இருக்கிற 'டினை' (தடுக்கிற வரி) எல்லாத்தையும் தள்ளிடுச்சு.

தூரத்துல இருந்து ரவுட்டருக்குள்ள நுழையுற டெல்நெட், எஸ்எஸ்ஹெச் லைனுக்கு போட்டது ஆக்சஸ்-கிளாஸ், அது ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்ல வராது, லைன் விடிஒய் கீழ தனியா பாக்கணும். NAT-க்கும் (உள் ஐபி முகவரியை வெளி முகவரியா மாத்துறது) இதே லிஸ்டை உபயோகிச்சிருப்பாங்க, எங்கயும் மாட்டலன்னு நெனச்சு அழிச்சிடாதீங்க.

எல்லாம் சரி பண்ணின பிறகு ரைட் மெமரி குடுங்க, லோட்ஷெடிங்ல கரன்ட் போயி ரவுட்டர் திரும்ப எழுந்தா சேவ் பண்ணாத ஆக்சஸ்-குரூப் இருக்காது, லிஸ்டை முன்னாடியே சேவ் பண்ணியிருந்தா அது மட்டும் அப்படியே இருக்கும்.