குழந்தைக்கு ஒருபக்கமாகத் தடிப்பா? அக்கி என்று முடிவுகட்டும் முன்

என் மகளுக்கு இரண்டு வயதில் இடது அக்குளில் பொடிப்பொடியாகச் சிவந்து, அப்படியே விலாவுக்கு இறங்கியது. மாமியார் "அக்கிதான்" என்று சொல்லி, குயவர் வீட்டில் காவி எழுதிவரக் கிளம்பிவிட்டார். தோல் மருத்துவர் சொன்ன பெயரோ வேறு: யூனிலேட்டரல் லேட்டரோதொராசிக் எக்ஸாந்தம், அதாவது நெஞ்சின் ஒரு பக்கவாட்டில் வரும் தடிப்பு. 1992இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வைத்த பெயர். அரிதாக, பெரும்பாலும் ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் வருவது. சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு இவற்றைத் தொடர்ந்து வருவதால் வைரஸ்தான் காரணம் என்று கருதுகிறார்கள். இன்ன வைரஸ் என்று உறுதியாகவில்லை.

முதலில் பகல் வெளிச்சத்தில் குழந்தையின் கையைத் தூக்கிப் பாருங்கள். தொடை இடுக்கையும் பாருங்கள், அங்கேயும் தொடங்கலாம். மாநிறத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. விரலால் தடவினால் சொரசொரப்பு தட்டுப்படும். அக்கியில் நீர் கோத்த கொப்புளங்கள் கொத்தாக, பட்டையாக வரும், எரியும், வலிக்கும், பொதுவாக உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாது. இந்தத் தடிப்பில் அரிப்புதான், அதுவும் பெரும்பாலும் லேசாக. ஓரிரு வாரத்தில் மறுபக்கமும் கொஞ்சம் வரும். அதைப் பார்த்து நோய் முற்றுகிறது என்று பதற வேண்டாம், இதன் போக்கே அதுதான். தொடங்கிய பக்கத்தில்தான் கடைசிவரை அதிகமாக இருக்கும்.

தினமும் அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எந்தப் பக்கம் தொடங்கியது என்பதை வைத்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். இரண்டு பக்கமும் பரவியபின் போனால் அந்தத் தடயம் போட்டோவில்தான் தெளிவாக இருக்கும்.

தனி மருந்து கிடையாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக மறையும். அதுவரை வெதுவெதுப்பான தண்ணீரில் குளியல், தளர்வான பருத்திச் சட்டை, ஒட்ட வெட்டிய நகம் போதும். அரித்தால் காலமைன் லோஷன் தடவலாம். தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தால் மருத்துவர் சிரப் எழுதித் தருவார். மஞ்சள், காவி, வேப்பிலை அரைப்பு எதையும் அப்பாதீர்கள். மெடிக்கலில் சீட்டில்லாமல் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கட்டாயம் தவிருங்கள்; குழந்தைத் தோலை அது மெலிதாக்கிவிடும்.

கண்ணாடி டம்ளரை அழுத்தியும் நிறம் மங்காத புள்ளிகள், கடுங்காய்ச்சல், கொப்புளம், சீழ், குழந்தை துவண்டுபோவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.