தொடர்மாடிக் கழிவுநீரிலிருந்து நைதரசனை நீக்குதல்: புதியவர்களுக்கான செய்முறை

வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் சுத்திகரிப்புத் தொட்டிகளைப் பார்க்கும் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர், வெளியேறும் நீர் தெளிவாக இருப்பதைக் கண்டு திருப்தியடைந்துவிடக் கூடாது. தெளிந்த நீரிலும் நைதரசன் கரைந்திருக்கும். பேரை வாவி பச்சை பிடிப்பதற்கு இத்தகைய போசணைகளே காரணம்.

படி 1: காற்று. காற்றூட்டும் தொட்டியில் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. ஒரு கிராம் அமோனியா நைதரசனுக்கு ஏறத்தாழ 4.6 கிராம் ஒட்சிசன் செலவாவதால், கரைந்த ஒட்சிசனை லீற்றருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருங்கள். இவை கசடில் வாழ்ந்து மெதுவாகப் பெருகுபவை என்பதால் கசடை அவசரப்பட்டு அகற்றலாகாது. கொழும்பின் வெப்பம் இவ்விடயத்தில் நமக்குச் சாதகமே.

படி 2: காரத்தன்மை. அமிலத்தை ஈடுசெய்து பிஎச் இறங்காமல் காக்கும் நீரின் திறனே இது; பலர் அளக்காமல் விடுவதும் இதைத்தான். ஒரு கிராம் அமோனியா நைதரசன் மாற்றமடையும்போது, கல்சியம் காபனேற்றாகக் கணித்தால், 7.14 கிராம் காரத்தன்மை அழிகிறது. லீற்றருக்கு 40 மில்லிகிராம் அமோனியா நைதரசன் வந்தால் 286 மில்லிகிராம் காரத்தன்மை தேவை; களனி கங்கையிலிருந்து வரும் நமது குழாய்நீரோ மென்னீர். காரத்தன்மை தீர்ந்தால் பிஎச் இறங்கி, காற்று எவ்வளவு இருந்தாலும் வேலை நின்றுவிடும். வெளியேறும் நீரில் காரத்தன்மை லீற்றருக்கு 80 மில்லிகிராமுக்குக் குறைந்தால், ஒவ்வொரு கிராம் குறைவுக்கும் அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று, 1.68 கிராம் வீதம் சேர்க்கலாம்.

படி 3: திருப்பியனுப்பல். நைத்திரேற்று நிறைந்த நீரை, முன்னாலுள்ள காற்றூட்டாத தொட்டிக்குப் பம்பினால் திருப்புங்கள். அங்கே ஒட்சிசன் கிடைக்காத பற்றீரியாக்கள், புதிதாக வரும் கழிவுநீரின் காபனை உண்டு, நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்த, நைதரசன் வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. அந்தக் காபனுக்காகவே இத்தொட்டி முதலில் அமைகிறது. இவ்வாறு நீக்கப்படும் நைத்திரேற்று உருவானபோது இழந்த காரத்தன்மையில் ஏறத்தாழப் பாதியும் மீள்கிறது. அடைதொட்டியிலிருந்து, அதாவது கசடு அடியில் படியும் கடைசித் தொட்டியிலிருந்து, திரும்பும் கசடையும் சேர்த்து, உள்வரும் நீரின் மும்மடங்கைத் திருப்பினால், உருவாகும் நைத்திரேற்றில் உச்சமாக 75 சதவீதத்தை நீக்கலாம்.

படி 4: சோதனை. காற்றூட்டும் தொட்டியின் கலவையை ஒரு லீற்றர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரைமணி நேரம் அடையவிட்டபின், அதைக் கொட்டாமல் மேலும் இரண்டு மணிநேரம் வைத்துப் பாருங்கள். அடியில் படிந்த கசடு சிறு குமிழிகளுடன் கட்டியாக மேலெழுந்தால், நீரில் நைத்திரேற்று மிஞ்சியிருக்கிறது. முதலில் திருப்பியனுப்பும் பம்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அதன்பின் அடைதொட்டியிலிருந்து கசடை விரைவாக எடுங்கள். காற்றைக் கூட்டுவது பயன்தராது: திரும்பும் நீருடன் ஒட்சிசனும் முன்தொட்டிக்குள் புகுந்து, அங்கே நடக்கவேண்டிய வேலையைக் கெடுத்துவிடும்.