வீண் என்று எழுதுவதற்கு முன்

திருகோணமலையில் இறுதி வருட மாணவர்களும் கிராமச் சங்கத்து இளைஞர்களும் கள ஆய்வுக்கு எடுக்கும் தலைப்புகளில் ஒன்று அடிக்கடி வரும்: இருக்கிற நீரை, நிலத்தை, கட்டடத்தை இன்னும் நன்றாகப் பயன்படுத்துவது எப்படி? எங்கள் மாவட்டத்துக்கு மிகவும் தேவையான கேள்வி அது. இப்படியான அறிக்கைகளை வாசித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்பக் கண்ட தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முதலாவது, ‘வீண்’ என்ற சொல்லை அவசரப்பட்டு எழுதுவது. குளக்கோட்டன் கட்டியதாக எங்கள் மரபு சொல்லும் கந்தளாய்க் குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துருசால், அதாவது குளத்து மதகால், திறந்துவிட்ட நீர் எவ்வளவு, பயிர் குடித்தது எவ்வளவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். மிச்சம் முழுவதும் இழப்பு என்று எழுதுகிறார்கள். வாய்க்காலுக்குக் கொங்கிறீட் போட வேண்டும் என்று பரிந்துரையும் வந்துவிடும்.

சரி, அந்த மிச்ச நீர் எங்கே போனது? ஒரு பகுதி ஆவியாகிறது, அது உண்மையான இழப்புத்தான். இன்னொரு பகுதி மேல் வயலில் இருந்து வடிந்து கீழ் வயலுக்குப் போய், அங்கே இன்னொருவரின் நெல்லுக்குப் பாய்கிறது. மற்றது நிலத்தில் ஊறிச் சுற்றுவட்டக் கிணறுகளில் வந்து நிற்கிறது. வாய்க்காலைப் பூசி மூடினால் மேலே இருப்பவருக்கு நீர் கூடும். கீழே ஒரு வீட்டில் சிறுபோகக் காலத்தில் வாளிக் கயிற்றை நீட்ட வேண்டி வரும். கொங்கிறீட்டே போடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருடைய கிணற்றில் இருந்து எடுத்து யாருடைய வயலுக்குக் கொடுக்கிறோம் என்பது தெரிந்த பிறகு போட வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். வாய்க்காலுக்கு அருகில் நாலைந்து கிணறுகள், தூரத்தில் நாலைந்து கிணறுகள் தெரிவு செய்து, தண்ணீர் விடும் நாட்களிலும் மறித்த நாட்களிலும் நீர்மட்டத்தை அளவு நாடாவால் அளந்து எழுதுங்கள். மறித்த சில நாட்களில் அருகில் உள்ளவை மட்டும் வேகமாக இறங்கினால், அந்தக் கிணறுகளுக்கு வாய்க்கால்தான் நீர் கொடுக்கிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

இதோடு ஒட்டிய தவறு இன்னொன்று. கந்தளாய் நீர் சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என எல்லோருடைய வயலுக்கும் போகிறது. தமிழ் மட்டும் தெரிந்த மாணவர் கீழே இருக்கும் தம்பலகாமத்தோடு நின்றுவிட்டால் வாய்க்காலின் மேல்பாதி அவருக்குத் தெரியாமலே போய்விடும். சிங்களம் தெரிந்த நண்பரைக் கூட்டிக்கொண்டு மேலே போங்கள். வினாக்கொத்தை நீட்டுவதற்கு முன் வயல்களுக்கு நீர் பங்கிடுவதைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையாரோடு ஒருநாள் வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள். எந்த மதகு ஒழுகுகிறது, யார் இரவில் பலகையைத் தூக்குகிறார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ‘நீரைச் சிக்கனமாகப் பாவிக்கிறீர்களா?’ என்று எழுத்தில் கேட்டால் யார்தான் இல்லை என்று சொல்வார்கள்?

அடுத்தது, ஒரே நாளில் அளந்துவிட்டு முடிவு எழுதுவது. எங்களுக்குப் பெருமழை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. தை மாதத்தில் பார்த்த நிலாவெளிக் கிணறும் ஆவணியில் பார்த்த அதே கிணறும் வேறு வேறு கிணறுகள் போல இருக்கும். கரையோர மணலில் நன்னீர், உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பொதுவான கணக்கு. மேலே அரை மீற்றர் இறங்கினால் கீழே 20 மீற்றர் போய்விடும். வாளியால் அள்ளும்போது பேசாமல் இருக்கும் உவர்நீர், பெரிய மோட்டரால் இழுத்தால் மேலே ஏறி வரும். ஆகவே ஒரே கிணற்றை மோட்டர் போடுவதற்கு முன்னும் பின்னும், மாரியிலும் கோடையிலும் அளக்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க அளக்க முடியாவிட்டால் எந்த மாதத்தில் அளந்தீர்கள் என்பதையாவது முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள்.

பிறகு, கொள்ளளவைப் பயன் என்று நினைப்பது. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 10,000 தொன் கொள்ளும். பெருக்கிப் பார்த்து ஏறத்தாழப் பத்து லட்சம் தொன் என்று எழுதிவிடலாம். ஆனால் அவற்றில் மேல் தாங்கித் தொகுதி எனப்படும் பகுதி பல பத்தாண்டுகள் காட்டுக்குள் சும்மா கிடந்தது. குழாய், பாதை, துருப்பிடித்த தகட்டின் நிலை, இறங்குதுறை, எண்ணெய் வாங்கும் பணம் எல்லாம் சேர்ந்தால்தான் ஒரு தாங்கி தாங்கியாகும். குளத்துக்கும் இதே கணக்குத்தான். நீர்மட்டத்தை இன்னும் ஓர் அடி உயர்த்தலாம் என்று எழுதுபவர்கள் 1986 ஏப்ரல் 20ஐ நினைத்துக்கொள்ள வேண்டும். அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கட்டின் நிலையைப் பார்க்காமல் கொள்ளளவைப் பற்றி ஒரு வரி கூட எழுதக் கூடாது.

கடைசியாக, முடிவை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோகாமல் விடுவது. ஆங்கிலத்தில் கட்டிய அறிக்கை நூலகத்துக்குப் போகிறது. கிணறு கொடுத்தவருக்கு ஒரு தாள் கூடப் போவதில்லை. தமிழில் இரண்டு பக்கம், தேவைப்படும் இடத்தில் சிங்களத்திலும் இரண்டு பக்கம் எழுதி, முடிவு உறுதியாவதற்கு முன்பே சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்.

கரையோரக் கிராமம் ஒன்றில் ஒரு மாணவி அப்படி வாசித்தபோது நானும் இருந்தேன். நீர்மட்ட வரைபில் நாலாவது கிணற்றின் கோடு திடீரென்று இறங்கியதை அவர் மழைக் குறைவு என்று விளக்கினார். பின்வரிசையில் இருந்த ஒரு முதியவர் எழும்பி, “பிள்ளை, அது மழையால இல்லை. அந்தக் கிழமை பக்கத்துக் காணியில வெங்காயத்துக்கு இரவும் பகலும் மோட்டர் ஓடினது” என்றார். மாணவி அன்றிரவே அந்தக் கிழமையின் அளவுகளைத் தனியாகப் பிரித்து வைத்துக் கணக்கை மறுபடியும் போட்டார்.