சும்மா விட்டால் உறையும் கணினி
சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைத்தொகுதியில் வாங்கிய, ஏஎம்டியின் ரைசன் பிராசசர் உள்ள பழைய கணினி, கேம் ஓடும்போது ஒழுங்காக இருந்து, சும்மா விட்டால் மட்டும் உறைகிறதா? ரேமைக் கழற்றுமுன் சி-ஸ்டேட்டை, அதாவது வேலையில்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த பிராசசர் போகும் தூக்க நிலைகளைப் பாருங்கள். அவற்றில் ஆழமான சி6 நிலையில் பிராசசர் இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். பழைய பவர் சப்ளைகள் சில அவ்வளவு சிறிய சுமையில் தடுமாறும். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை), ஏஎம்டி சிபிஎஸ் என்ற பகுதியில், 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிப்பிக்கல் கரன்ட் ஐடில்' என மாற்றுங்கள். அந்த வரியே இல்லையென்றால் முதலில் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால்தான் 'குளோபல் சி-ஸ்டேட் கன்ட்ரோல்' டிசேபிள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்றே தெரியாது. பிறகு ஸ்லீப்பை நிறுத்திவிட்டு, இரவு முழுதும் சும்மா ஓடவிட்டுச் சோதியுங்கள். கொஞ்சம் வாட் கூடும், சூடும் ஏறும்.