கட்டாய உழைப்பு: ஏற்றுமதி நிறுவனங்கள் கோட்டை விடும் இடங்கள்

“எங்கள் கம்பெனியில் கொத்தடிமையா? நாங்கள் யாரையும் கட்டியா வைத்திருக்கிறோம்?” திருப்பூர், கோவை, திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிலில் இருப்பவர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். பெரும்பாலானவர்கள் உண்மையாகவே நம்பித்தான் அப்படிச் சொல்கிறார்கள். பூட்டிய கதவும் அடியாளும் இருந்தால்தான் கட்டாய உழைப்பு என்று நினைக்கிறார்கள். முதல் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் தொடர்பான வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்கினால், அது அரசியலமைப்பின் 23ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழியில்லாமல் ஒருவர் தலையாட்டுவது சம்மதம் ஆகாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் 2.76 கோடிப் பேர் கட்டாய உழைப்பில் இருக்கிறார்கள். அவர்களைப் போகவிடாமல் வைத்திருக்க அதிகம் பயன்படும் வழி அடி உதை அல்ல, சம்பளத்தைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் சுமங்கலித் திட்டம். பதினைந்து, பதினாறு வயதுப் பெண்களைக்கூட ஸ்பின்னிங் மில் விடுதியில் மூன்று வருடம் தங்க வைப்பார்கள். மாதாமாதம் கொஞ்சம் கைக்காசு, முடிவில் கல்யாணச் செலவுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை. வீட்டில் அதைச் சீர் பணம் என்று பார்த்தார்கள். உண்மையில் அது அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் சேர வேண்டிய சம்பளம், பிடித்து வைத்திருந்து திருப்பித் தருவது. இரண்டரை வருடத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குப் போனால் அந்தத் தொகை கையை விட்டுப் போகும். அப்படி ஒரு பயம் இருக்கும்போது கதவுக்குப் பூட்டு எதற்கு? இன்றைக்கு அந்தப் பெயரை யாரும் வெளியில் சொல்வதில்லை. ‘கேம்ப் கூலி’ என்கிறார்கள், பயிற்சி என்கிறார்கள். பெயர் மாறியதா, நடைமுறை மாறியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதைப் பார்க்க ஒரே கேள்வி போதும் என்பது என் கருத்து: இந்தத் தொழிலாளி இன்றைக்கே வேலையை விட்டு, சேர வேண்டிய பணம் முழுவதையும் வாங்கிக்கொண்டு, ஊருக்குப் போக முடியுமா? முடியாது என்றால் எது தடுக்கிறது என்று தேடுங்கள்.

தேடும் இடம் அதிகம் தூரத்தில் இல்லை. சம்பளச் சீட்டில் ‘மெஸ்’, ‘ஹாஸ்டல்’ இரண்டுக்கும் கீழே ‘அட்வான்ஸ்’ என்று ஒரு பிடித்தம் இருக்கும். எதற்கான அட்வான்ஸ் என்று விசாரித்தால், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ கூட்டிவந்த ரயில் செலவு, ஆள்பிடித்த ஏஜெண்டின் கமிஷன் எல்லாம் அதில் வந்து நிற்கும். வேலைக்கு எடுக்கும் செலவு முதலாளியுடையது, அதைத் தொழிலாளி தலையில் கட்டக் கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் நெறிமுறை. அப்புறம் விடுதி வாசலில் வார்டன் மேசைமேல் இருக்கும் அவுட்பாஸ் நோட்டைப் புரட்டுங்கள். வாரத்துக்கு ஒரு முறை, கடைக்கு மட்டும், அதுவும் கம்பெனி வேனில் என்று பக்கம் பக்கமாக இருந்தால், பாதுகாப்பு என்ற பெயரில் அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும். ஆதார் அட்டை யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள்.

அடுத்த தவறு, தையல் யூனிட்டைச் சோதிப்பதோடு நின்றுவிடுவது. வெளிநாட்டு பையருக்கு (ஆடை வாங்கும் நிறுவனத்துக்கு) காட்டும் யூனிட்டில் வெளிச்சம், காற்றோட்டம், கையேடு எல்லாம் சரியாகவே இருக்கும். நூல் எந்த மில்லிலிருந்து வருகிறது? சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரிக்கு ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்துவாங்கும் வேலை) யாரிடம் போகிறது? சீசன் நேரத்தில் அந்த ஜாப் ஒர்க்காரர் வேலையை வேறு யாருக்குத் தள்ளிவிடுகிறார்? இதற்குப் பதில் தெரியாத நிறுவனத்துக்குத் தன் விநியோகச் சங்கிலி தெரியாது என்றுதான் அர்த்தம்.

ஆடிட் (தொழிற்சாலைச் சோதனை) சான்றிதழை நம்பி நிம்மதியாகத் தூங்குவதும் ஆபத்து. 2012 செப்டம்பரில் கராச்சியில் ஒரு ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் சர்வதேசத் தரச் சான்றிதழ் வாங்கியிருந்த தொழிற்சாலை அது. தேதி சொல்லிவிட்டு வரும் ஆடிட்டில் ஹெச்.ஆர். அறையில், சூப்பர்வைசர் கண்ணெதிரில், ஹிந்தி மட்டும் தெரிந்த பெண்ணிடம் தமிழிலோ ஆங்கிலத்திலோ கேள்வி கேட்டால் என்ன பதில் வரும்? வேலை இடத்துக்கு வெளியே, அவர் மொழியில், அவர் நம்பும் ஒருவர் பேச வேண்டும். சிசிடிவி கேமராவுக்குக் கீழே மாட்டிய புகார்ப் பெட்டியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பையர் பக்கமும் தவறு உண்டு, அதை அவர்கள் அதிகம் பேசுவதில்லை. விலையை அடித்துக் குறைத்து, டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றி, ஷிப்மெண்ட் தேதியை மட்டும் மாற்ற மாட்டோம் என்று நின்றால், அந்த அழுத்தம் நேராக இரவு ஷிப்டில் நிற்கும் பெண்ணின் தலையில்தான் இறங்கும். இரட்டைச் சம்பளம் இல்லாத ஓவர்டைமும், ‘இருந்து முடித்துவிட்டுப் போ’ என்ற மிரட்டலும் பல நேரம் இப்படித்தான் வருகின்றன. நடத்தை விதிப் புத்தகத்தை சப்ளையருக்கு அனுப்பும் நிறுவனம், தன் கொள்முதல் பிரிவுக்கும் விதி போட வேண்டும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது கடைசியாகச் சொல்லும் தவறில்தான். பிரச்சினை வெளியில் தெரிந்ததும் ஆர்டரை வெட்டிவிட்டுக் கைகழுவுவது. பிராண்டின் பெயர் தப்பிவிடும், பாக்கிச் சம்பளத்தோடு நிற்கும் தொழிலாளி தெருவுக்கு வருவார். புகார் சொன்னால் வேலை போகும் என்று தெரிந்தபின் அடுத்த மில்லில் யார் வாய் திறப்பார்கள்?

இதற்கு மாற்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. திண்டுக்கல் பகுதி ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் போராடி, ஆலையில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் திண்டுக்கல் ஒப்பந்தத்தை 2022இல் கொண்டுவந்தது. ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு ஆடை பிராண்டான ஹெச் அண்ட் எம்மும் கையெழுத்திட்டன. கேப், பிவிஹெச் ஆகிய ஆடை நிறுவனங்கள் பிறகு சேர்ந்தன. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளர்களே தளத்தில் கண்காணித்தார்கள். ஆலை விதியை மீறினால் வணிகத்தில் விளைவு உண்டு என்று பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்பட்டன. அதே 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி அந்த ஆலையின் சரக்குக்குத் தடை போட்டது. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த சீர்திருத்தங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, செப்டம்பரில் தடையை விலக்கியது.

ஐரோப்பிய ஒன்றியமும் கட்டாய உழைப்பில் உருவான பொருள்களை 2027 டிசம்பர் முதல் தன் சந்தையில் அனுமதிக்கப் போவதில்லை. அதற்குத் தயாராக நினைப்பவர்கள் புதிய சான்றிதழுக்கு அலைய வேண்டாம். நூல் மில்களின் பட்டியலை எடுங்கள். பிடித்து வைத்திருக்கும் சம்பளத்தையும் ஏஜெண்ட் கமிஷனையும் கணக்குப் போட்டு உரியவர் வங்கிக் கணக்கில் செலுத்தச் சொல்லுங்கள். அதில் உங்கள் பங்கையும் கொடுங்கள். முன்பணக் கடனைக் காட்டி யாரையாவது நிறுத்தி வைத்திருந்தால், 1976ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. விஷயத்தை மாவட்ட ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ எழுத்தில் கொடுங்கள். விடுவிப்புச் சான்றிதழும் மறுவாழ்வு உதவியும் அந்த வழியில்தான் கிடைக்கும்.